எந்தத் தேதியில் பில்டு செய்தாலும் அதே பேக்கேஜ் வர வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. சர்வர் பதிவுக் கோப்புகளை அலசித் தொகுத்துத் தரும் சின்னக் கருவி ஒன்றைப் பராமரிக்கிறேன். மையப் பகுதி சி மொழியில், செருகுநிரல்கள் பைத்தானில். டெபியன் லினக்ஸுக்கான டெப் பேக்கேஜாகவும், கோப்புகளை டாரில் ஒன்றாகக் கட்டி ஜிஜிப்பில் அமுக்கிய டார்பாலாகவும் வெளியிடுகிறேன்.

பயனர் ஒருவர் மூலநிரலை எடுத்துத் தானே பில்டு செய்து பார்த்திருக்கிறார். "நீங்கள் போட்டிருக்கும் ஷா256 எனக்கு வரவில்லை, எது சரி?" என்று கேட்டார். (ஷா256 என்பது கோப்பின் கைரேகை போன்ற ஒரு ஹாஷ், உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது வேறாகும்.) நியாயமான கேள்வி. நானே என் மெஷினில் அடுத்தடுத்து இரண்டு முறை பில்டு செய்தேன். ஒரே மூலநிரல், ஒரே கம்பைலர். நிரல் கோப்பின் அளவு ஒரு பைட் கூட மாறவில்லை, ஹாஷ் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. நாள், நேரம் எங்கோ உள்ளே போகிறது என்று தெரிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒழுங்கான வழி உண்டா?

நிரல்தச்சன்:

உண்டு. ஊகிக்காமல் டிஃபோஸ்கோப் போட்டுப் பாருங்கள். இரண்டு டெப் கோப்புகளையும் கொடுத்தால் அதுவே உள்ளே இறங்கும்: டெப்பைப் பிரித்து, அதற்குள் இருக்கும் டாரைப் பிரித்து, அதற்குள் இருக்கும் ஜிப்பையும் பிரித்து, கடைசியில் எந்தக் கோப்பின் எந்தப் பகுதி மாறியது என்று காட்டும். டெபியன்காரர்கள் இதே வேலைக்காக எழுதியது.

வந்ததை இங்கே சொல்லுங்கள், அப்புறம் பேசலாம். ஒன்று மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன். டெப்பை டெபியனின் டிபிகேஜி-பில்டுபேக்கேஜ் கட்டளை வழியாகச் செய்கிறீர்களா, சொந்த ஸ்கிரிப்டா?

வைகைக்கரை:

சொந்த ஸ்கிரிப்ட்தான். கடைசியில் டிபிகேஜி-டெப் கூப்பிடும்.

டிஃபோஸ்கோப் காட்டியது இவ்வளவு. சி நிரலில் மாறாத தரவுகள் இருக்கும் ரோடேட்டா பகுதியில் ஒரு தேதி, நேரம். உதவிப் பக்க எச்டிஎம்எல்லின் அடியில் ஒரு தேதி. செருகுநிரல் ஜிப்புக்குள் எல்லாக் கோப்புகளுக்கும் வேறு வேறு நேரம். டெப்பின் வெளி அடுக்கிலும், உள்ளே இருக்கும் டார்களிலும் நேரம் மாறியிருக்கிறது.

உதவிப் பக்கத்தில் கவனித்தது இன்னொன்று: என் பில்டில் அந்தத் தேதி "மார்ச்" என்று தமிழில் இருக்கிறது. பயனர் அனுப்பிய கோப்பில் அதே இடத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது.

நிரல்தச்சன்:

நல்ல மாதிரி அமைந்துவிட்டது, கிட்டத்தட்ட எல்லா வகையும் ஒரே பேக்கேஜில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சி நிரலில் இருப்பது டேட், டைம் மேக்ரோக்கள், அதாவது கம்பைல் செய்யும் நாளையும் நேரத்தையும் நிரலுக்குள் எழுதிவிடும் பெயர்கள். "வெர்ஷன்" என்று கேட்டால் "இந்தத் தேதியில் பில்டு ஆனது" என்று காட்ட யாரோ எப்போதோ போட்டிருப்பார்கள். இந்த டேட் மேக்ரோ எப்போதும் 11 எழுத்துதான். 1 முதல் 9 வரையான நாள் என்றால் முன்னால் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு இடைவெளி வரும். டைம் மேக்ரோ எப்போதும் 8 எழுத்து. அதனால்தான் கோப்பின் அளவு மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறுகிறது. ஜிசிசி-க்கு டேட்-டைம் வார்னிங்கை ஆன் செய்யும் கொடி ஒன்று 4.9 பதிப்பிலிருந்தே உண்டு. அதைப் போட்டால் எந்த வரியில் இந்த மேக்ரோ இருக்கிறது என்று கம்பைலரே சொல்லிவிடும்.

உதவிப் பக்கத் தேதி, பில்டு படிகளை எழுதிய உங்கள் மேக்ஃபைலிலிருந்து வந்திருக்கும். டேட் கட்டளையை ஓட்டி, கிடைத்ததை டெம்ப்ளேட்டில் நுழைக்கிறீர்கள். உங்கள் மெஷினின் லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) தமிழ் என்பதால் மாதம் தமிழில் வந்தது. இதில் தேதி மட்டும் பிரச்சினை இல்லை, லோக்கேலும் சேர்ந்து உள்ளே போகிறது. கோப்புப் பட்டியலை வரிசைப்படுத்தும் இடத்திலும் லோக்கேலுக்கு ஏற்ப வரிசை மாறும். பில்டின் தொடக்கத்திலேயே லோக்கேலைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியின் மதிப்பை சி என்று வைத்துவிடுங்கள்.

மீதி எல்லாம் கோப்புகளின் எம்டைம். டார், ஏஆர் (டெப்பின் வெளி அடுக்கு), ஜிப் மூன்றுமே உள்ளே வைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் கடைசியாக மாறிய நேரத்தை எழுதி வைக்கும். பில்டின்போது உருவான கோப்புக்கு அந்த நேரம் "இப்போது" தானே.

இனி என் கருத்து. பில்டு செய்த நேரம் பேக்கேஜுக்குள் இருக்கவே கூடாது. மூலநிரல் என்றைக்கு மாறியது என்பது அந்த மென்பொருளைப் பற்றிய உண்மை. நான் எந்தக் கிழமை மேக் கட்டளையை ஓட்டினேன் என்பது என்னைப் பற்றிய செய்தி, பயனருக்கு அதில் ஒன்றும் இல்லை. புத்தகத்தில் பதிப்பு ஆண்டு போடுவார்கள், அச்சகத்தில் எத்தனை மணிக்கு மெஷின் ஓடியது என்று போடுவதில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது "இந்தத் தேதி இங்கே எதற்கு?" என்பதுதான். பதில் இல்லை என்றால் எடுத்துவிடுங்கள். உதவிப் பக்க அடியில் இருக்கும் தேதி பெரும்பாலும் அப்படித்தான். எடுக்க முடியாத இடத்தில் மட்டும் மூலநிரலின் தேதியை வையுங்கள்.

அதற்கு ஒரு பொது ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது: சோர்ஸ்_டேட்_எபாக் என்ற சூழல் மாறி. 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளை ஒரே எண்ணாக அதில் வைப்பார்கள். பில்டில் ஓடும் எந்தக் கருவியும் "இப்போது மணி என்ன?" என்று கடிகாரத்தைக் கேட்பதற்கு முன் இந்த மாறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஜிசிசி 7 முதல் அந்த டேட், டைம் மேக்ரோக்களே இதற்குக் கட்டுப்படும், அதுவும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். கிளாங் கம்பைலர் 16-இலிருந்து செய்கிறது. ஆவணம் உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ், ஹெல்ப்2மேன், பேக்கேஜ் செய்யும் டிபிகேஜி எல்லாமே இதைப் படிக்கும்.

நீங்கள் டிபிகேஜி-பில்டுபேக்கேஜ் வழியாகப் போனால், சேஞ்ச்லாக் என்ற மாற்றக் குறிப்பேட்டின் கடைசிப் பதிவில் இருக்கும் தேதியிலிருந்து இந்த மாறியை அதுவே வைத்துவிடும். டாரில் அந்தத் தேதிக்குப் பிந்திய எம்டைம்களை அந்தத் தேதிக்கே இழுத்துவிடும். சொந்த ஸ்கிரிப்ட் என்பதால் அந்த வசதி உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்கிரிப்டை விட்டுவிட்டு முறையான டெபியன் அடைவை வைத்துக்கொள்வதே நல்லது.

கணிமலர்:

நிரல்தச்சன் அண்ணா சொன்னதோடு ஒன்று. ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜ் பக்கமும் இதே வேலைக்கு மேக்ரோக்கள் உண்டு: சேஞ்ச்லாக்கிலிருந்து எபாக்கை எடுக்க ஒன்று, எம்டைம்களை அதற்கு மேல் போகவிடாமல் பிடிக்க ஒன்று, பேக்கேஜ் தலைப்பில் எழுதப்படும் பில்டு நேரத்தையே மாற்ற ஒன்று. ஃபெடோரா 38-இலிருந்து எம்டைம் பிடிப்பு இயல்பாகவே நடக்கிறது.

வைகைக்கரை, டார்பாலையும் மறந்துவிட வேண்டாம். ஜிஎன்யூ டாரில் பெயர்வாரியாக வரிசைப்படுத்தும் ஆப்ஷன் 1.28-இல் வந்தது, எம்டைமைக் கிளாம்ப் செய்யும் (ஒரு தேதிக்கு மேல் போகவிடாத) ஆப்ஷன் 1.29-இல் வந்தது. உரிமையாளர், குழு இரண்டையும் 0 என்று வைத்து, எண்களாக மட்டும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேதியைச் சரிசெய்த பிறகும் உங்கள் பயனர்பெயர் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

ஜிஜிப்பும் தன் பங்குக்கு ஒரு நேரத்தை எழுதும். தலைப்பின் 5ஆம் பைட்டிலிருந்து நான்கு பைட்டுகள் அதற்கே ஒதுக்கியவை. -என் ஆப்ஷன் கொடுத்தால் அங்கே பூஜ்யம் வரும். டாரிலிருந்து பைப் போட்டு ஜிஜிப்புக்குக் கொடுத்தால், 2018 கடைசியில் வந்த 1.10 பதிப்பு முதல் அது தானாகவே நடப்பு நேரத்தை எழுதுவதில்லை. பழைய மெஷின்களில் எழுதும். எந்த மெஷின் என்று யோசிக்காமல் எப்போதும் -என் போடுவதே என் வழக்கம்.

ஆழிமுத்து:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் சப்போர்ட் பக்கம் இருப்பவன். எங்கள் இடத்தில் வாடிக்கையாளர் அழைத்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே "வெர்ஷன் திரையில் பில்டு தேதி என்ன?" என்பதுதான். ஒரே பதிப்பு எண்ணில் இரண்டு மூன்று திருத்தங்கள் போயிருக்கும். பில்டு தேதியை வைத்துத்தான் எது என்று பிரிக்கிறோம். அதை எடுத்துவிடச் சொன்னால் எங்கள் வேலை நின்றுவிடும். நிரல்தச்சன் ஐயா "பயனருக்கு அதில் ஒன்றும் இல்லை" என்கிறார், எனக்கு இருக்கிறது.

கணிமலர்:

ஆழிமுத்து அண்ணா, உங்கள் தேவை உண்மையானது. ஆனால் உங்களுக்கு வேண்டியது தேதியா, அல்லது "எந்தத் திருத்தம் வரை இதில் இருக்கிறது" என்ற தகவலா? இரண்டாவதுதான் என்றால் கிட் கமிட்டின் (மூலநிரல் களஞ்சியத்தில் பதிவான ஒவ்வொரு மாற்றத்தின்) ஹாஷ் அதைத் துல்லியமாகச் சொல்லும். பழைய கிளையிலிருந்து இன்று ஒருவர் மறுபடி பில்டு செய்தால் பில்டு தேதி புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் நிரலோ பழையது. அப்போது உங்கள் முதல் கேள்வியே உங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

தேதியாகவே வேண்டும் என்றால் கமிட்டின் தேதியைக் காட்டலாம். டெபியனில் யூநேம் -வி கொடுத்துப் பாருங்கள்: கர்னல் பதிப்போடு ஒரு தேதி வரும். அது கர்னலை கம்பைல் செய்த நேரம் இல்லை, பேக்கேஜின் சேஞ்ச்லாக் தேதி. கர்னலில் இதற்கென்றே கேபில்டு_பில்டு_டைம்ஸ்டாம்ப் என்ற மாறி இருக்கிறது. பில்டு செய்தவர் பெயருக்கும் மெஷின் பெயருக்கும் தனித்தனியே இரண்டு மாறிகள்.

நிஜமாகவே எப்போது பில்டு ஆனது என்று பதிவு வேண்டுமா? அதற்கு பேக்கேஜுக்கு வெளியே இடம் இருக்கிறது. டெபியனில் பில்டின்போது பில்டுஇன்ஃபோ என்று ஒரு கோப்பு பிறக்கும். எந்தக் கம்பைலர், எந்தெந்த நூலகங்கள், எந்தெந்தப் பதிப்பு, எந்தத் தேதி எல்லாம் அதில் இருக்கும். பில்டு-டேட் என்றே ஒரு வரி உண்டு. அது மாறலாம், மாறினால் யாருக்கும் நட்டமில்லை. பேக்கேஜ் மட்டும் மாறக் கூடாது.

ஆழிமுத்து:

கமிட் ஹாஷ் போதும் என்பதை ஏற்கிறேன். எங்கள் திரையில் அதையும் சேர்க்கச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் இவ்வளவு பாடு எதற்கு என்பது இன்னும் புரியவில்லை. பேக்கேஜில் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, சரிபார்த்துவிட்டுத்தான் இன்ஸ்டால் ஆகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

நிரல்தச்சன்:

ஆழிமுத்து, கையெழுத்து சொல்வது "இதை அனுப்பியவர் இன்னார்" என்பது மட்டும். இந்த பைனரி அந்த மூலநிரலிலிருந்துதான் வந்தது என்று அது சொல்லாது.

2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விஷயத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் ஓரியன் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் பில்டு சர்வரில் தீநிரல் ஒன்று குடியேறியிருந்தது. பில்டு ஓடும் நேரம் பார்த்து ஒரு மூலக் கோப்பை மாற்றி வைக்கும், பில்டு முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்துவிடும். களஞ்சியத்தில் எத்தனை பேர் நிரலைப் படித்தாலும் கண்ணில் படாது. வெளியே போன கோப்பில் முறையான கையெழுத்தும் இருந்தது. தொடர்பே இல்லாத வேறொரு மெஷினில் யாராவது பில்டு செய்து ஒப்பிட்டிருந்தால்? ஒப்பிட முடிந்தால்தானே! சாதாரண நிலையிலேயே தேதியாலும் நேரத்தாலும் ஒவ்வொரு பில்டும் வேறாக வந்தால், வேறாக இருப்பது யாரையும் உறுத்தாது. அற்பக் காரணத்தால் வரும் வேறுபாடுகளை எல்லாம் துடைத்துவிட்டால்தான் மிஞ்சும் ஒரு வேறுபாடு அபாயச் சங்காக ஒலிக்கும். தேதியை எடுக்கச் சொல்வதன் காரணம் முழுக்க இதுதான்.

கம்பைலரையே நம்ப முடியாமல் போகலாம் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1984-இலேயே டூரிங் விருது உரையில் காட்டிவிட்டார். ஒரே மூலத்திலிருந்து யார் பில்டு செய்தாலும் ஒரே பைனரி என்பது நடைமுறைக்கு வந்தது வெகு பின்னால். இணையத்தில் அடையாளத்தை மறைக்கும் டார் பிரௌசரும் பிட்காயினும் முன்னோடிகள். 2013-இல் டெபியன் இதைக் கையில் எடுத்தது. லூனார் என்று எல்லாரும் அழைத்த ஜெரமி போபியோ அதைத் தொடங்கி முன்னெடுத்தவர், 2024 நவம்பரில் காலமானார். ஒரு பேக்கேஜ் இரண்டு பேக்கேஜ் இல்லை, பல்லாயிரம் பேக்கேஜ்களின் பராமரிப்பாளர்களிடம் பொறுமையாகப் பேசி, ஒவ்வொன்றுக்கும் திருத்தம் அனுப்பி நகர்த்திய வேலை அது. இன்று உங்கள் கையில் இருக்கும் கருவிகள் பாதிக்குமேல் அங்கிருந்து வந்தவை. 2017-இல் டெபியன் கொள்கை ஆவணத்திலேயே "பேக்கேஜ்கள் மறுபடி அதேபோல் உருவாக வேண்டும்" என்று ஏறியது. அதே ஆண்டில் நெட்பிஎஸ்டி, டெயில்ஸ் என்ற இயங்குதளங்களும் தங்கள் பில்டுகளை அப்படி ஆக்கிக் காட்டின.

பைட்எறும்பு:

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் அமுக்கக் கருவியில் ஒளித்துவைத்த பின்கதவு வெளிவந்ததே, அதை இது பிடித்திருக்குமா?

நிரல்தச்சன்:

நேரடியாகப் பிடித்திருக்காது. அங்கே விஷம் வெளியீட்டு டார்பாலிலேயே இருந்தது. விஷம் கலந்த மூலத்திலிருந்து யார் பில்டு செய்தாலும் அதே விஷப் பேக்கேஜ்தான் வரும். ஆனால் அந்த டார்பாலில் இருந்த ஒரு எம்4 கோப்பு (பில்டை அமைக்கும் மேக்ரோக்கள் இருப்பது) கிட் களஞ்சியத்தில் இல்லாதது. கிட்டிலிருந்து டார்பாலை யாரும் அதே பைட்டுகளோடு மறுபடி உருவாக்க முடியும் என்ற நிலை இருந்திருந்தால், அந்த வித்தியாசம் அங்கேயே தெரிந்திருக்கும். வைகைக்கரை, டெப்போடு நிற்காமல் டார்பாலையும் சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

பைட்எறும்பு:

ஜிப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, எனக்கு அதில் பட்ட அனுபவம் உண்டு.

ஜிப் கோப்பில் நேரம் எம்எஸ்-டாஸ் காலத்து வடிவில் இருக்கும். 1980-க்கு முந்திய தேதியை அதில் எழுதவே முடியாது. இரண்டு நொடிக்குக் குறைந்த துல்லியமும் கிடையாது. இதைவிட மோசம், அது உள்ளூர் நேரம். எந்த நேர மண்டலம் என்ற குறிப்பே இல்லை. ஒரே எம்டைம் உள்ள கோப்பைச் சென்னையில் ஜிப் செய்தால் ஒரு எண், லண்டனில் செய்தால் வேறு எண். அதனால் ஜிப் செய்யும் முன் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறியை யூடிசி என்று வைத்தே ஆக வேண்டும். பெரிய எக்ஸ் ஆப்ஷனையும் கொடுங்கள், யூனிக்ஸ் நேரமும் பயனர் எண்ணும் கூடுதல் புலங்களாக ஏறுவதை அது தடுக்கும். கோப்புப் பெயர்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டியதும் உங்கள் பொறுப்பு.

அந்த 1980 எல்லை நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரைப் பயன்படுத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். நிக்ஸ் தன் களஞ்சியத்தில் வைக்கும் எல்லாக் கோப்புக்கும் எம்டைமை 1 என்று வைத்துவிடும், அதாவது 1970 பிறந்து ஒரு நொடி. அதைப் பைத்தானில் ஜிப் செய்யப் போனால் "1980-க்கு முந்திய நேரம் ஜிப்பில் வராது" என்று பிழை கொடுத்து நிற்கும். பைத்தான் பேக்கேஜ்களான வீல் கோப்புகளும் ஜிப்தானே, அதனால் வீல் செய்யும் இடமெல்லாம் அடிபட்டது. நிக்ஸ்பேக்கேஜஸில் சோர்ஸ்_டேட்_எபாக்கின் இயல்பு மதிப்பு 315532800 என்று இருப்பது இதனால்தான். 1980 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவு.

பேக்கேஜிலிருந்து தேதி போன்றவற்றைத் துடைக்கும் டெபியனின் ஸ்ட்ரிப்-நான்டிட்டர்மினிசம் கருவியில் இதற்குப் பதில் 315576060 என்ற எண் இருக்கும். கழித்துப் பாருங்கள், 12 மணி 1 நிமிடம் கூடுதல். பெர்ல் ஜிப் நூலகத்திலிருந்து வந்த எண் அது. சரியாக நள்ளிரவை வைத்தால், அமெரிக்காவில் இருக்கும் மெஷின் அதை 1979 டிசம்பர் 31 என்று எடுத்துக்கொள்ளும், மறுபடி எல்லைக்கு வெளியே போய்விடும். நண்பகலுக்குத் தள்ளி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. நேர மண்டலம் எத்தனை இடத்தில் காலை வாரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

வைகைக்கரை:

மிக்க நன்றி. இது வரை செய்தது: சி நிரலில் இருந்த மேக்ரோவை எடுத்துவிட்டு கமிட் ஹாஷ் வைத்தேன். சொந்த ஸ்கிரிப்டைக் கைவிட்டு டிபிகேஜி-பில்டுபேக்கேஜுக்கு மாறினேன். ஜிப் சரியாகிவிட்டது. உதவிப் பக்கத்தில் தேதி இருக்கட்டும் என்று நினைக்கிறேன், அச்செடுத்து வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் சோர்ஸ்_டேட்_எபாக்கை டேட் கட்டளைக்குக் கொடுத்து அதிலிருந்து எடுக்கிறேன்.

இப்போது என் மெஷினில் எத்தனை முறை செய்தாலும் ஒரே ஹாஷ். ஆனால் வாடகைக்கு எடுத்த ஒரு கிளவுட் மெஷினில் செய்தால் உதவிப் பக்கம் மட்டும் வேறாக வருகிறது: இங்கே 4ஆம் தேதி, அங்கே 3ஆம் தேதி. எபாக் எண் இரண்டிலும் ஒன்றுதான், பார்த்துவிட்டேன்.

பைட்எறும்பு:

டேட் கட்டளைக்கு -யூ கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் எபாக்கை உள்ளூர் நேரத்துக்கு மாற்றித்தான் காட்டும். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி முன்னால். நீங்கள் இரவு 12 மணியிலிருந்து விடிகாலை ஐந்தரைக்குள் சேஞ்ச்லாக் எழுதியிருந்தால், யூடிசியில் ஓடும் கிளவுட் மெஷினில் அது முந்திய நாள்.

மேக்ஓஎஸ், பிஎஸ்டி பயனர்களும் பில்டு செய்வார்கள் என்றால் இன்னொன்று: ஜிஎன்யூ டேட்டில் எபாக்கைக் கொடுக்க -டி, பிஎஸ்டி டேட்டில் -ஆர். மேக்ஃபைலில் ஒன்று தோற்றால் மற்றொன்றை முயலும்படி எழுதிவிடுங்கள்.

வைகைக்கரை:

அதேதான். -யூ போட்டதும் இரண்டு மெஷினிலும் ஒரே ஹாஷ். அந்த சேஞ்ச்லாக் பதிவு இரவு ஒரு மணி வாக்கில் எழுதியது.

கணிமலர்:

மகிழ்ச்சி! ஆனால் "எந்தத் தேதியிலும்" என்பதில் பாதிதான் முடிந்திருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் கழித்து உங்கள் பேக்கேஜ் பில்டே ஆகாமல் போனால்? ஹாஷ் ஒப்பிடுவதற்குக் கோப்பே இருக்காது.

இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. பாதுகாப்பான இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் மூலத்தோடு வரும் சோதனைச் சான்றிதழ்கள் சில 2022 ஜூன் 1-ஆம் தேதி காலாவதி ஆயின. அதற்கு முந்திய நாள் வரை சோதனையில் தேறிக்கொண்டிருந்த அதே பழைய பதிப்பு, நிரலில் ஒரு எழுத்து மாறாமல், அன்றிலிருந்து சோதனையில் தோற்றது. மூலநிரலில் இருந்து எல்லாவற்றையும் கட்டும் இடங்களில் சோதனை தோற்றால் பில்டே தோற்றதாகத்தான் கணக்கு.

சான்றிதழ் மட்டும் இல்லை. "இந்த வருடம் 2025 தானே" என்று எதிர்பார்க்கும் சோதனைகள், "பத்து வருடம் கழித்து" என்று கணக்குப் போட்டு நொடி எண்ணிக்கை 32 பிட்டில் அடங்கும் எல்லையைத் தாண்டிவிடும் சோதனைகள் எல்லாம் உண்டு. அந்த எல்லை 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8:44:07.

டெபியனின் சோதனைக் களத்தில் ஒவ்வொரு பேக்கேஜையும் இரண்டு முறை பில்டு செய்வார்கள். இரண்டாவது மெஷினின் கடிகாரம் 398 நாள் முன்னால் ஓடும். ஒரு வருடத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் ஆண்டு, மாதம், நாள் எல்லாமே மாறிவிடும். நேர மண்டலமும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. தேதி எங்கே ஒளிந்திருந்தாலும் இதில் வெளியே வந்துவிடும். ரெப்ரோடெஸ்ட் என்ற கருவி இதையே உங்கள் மெஷினில் செய்து பார்க்கும்.

உங்கள் சோதனைகளில் டிஎல்எஸ் (சான்றிதழ் வைத்துச் செய்யும் மறையாக்க இணைப்பு) இருக்கிறதா?

வைகைக்கரை:

இருக்கிறது. தொலைவிலிருந்து பதிவுகளை இழுக்கும் பகுதிக்கு ஒரு சோதனைச் சான்றிதழை மூலநிரலோடு வைத்திருக்கிறேன். பார்த்தேன், ஒரு வருடச் சான்றிதழ்தான். நூறு வருடத்துக்கு ஒன்று போட்டுவிடவா?

கணிமலர்:

போடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நூறு வருடச் சான்றிதழ் 2038-ஐத் தாண்டுவதால் 32 பிட் நேரம் உள்ள பழைய சிஸ்டங்களில் வேறு தலைவலி வரக்கூடும். அதைவிடச் சுத்தமான வழி இரண்டு. சோதனை ஓடும்போதே புதிதாக ஒரு சான்றிதழ் உருவாக்கிக்கொள்ளலாம். அது பேக்கேஜுக்குள் போகாது என்பதால் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தால் பரவாயில்லை. அல்லது சரிபார்க்கும் நிரலிடமே "இந்தத் தேதியில் நிற்பதாக வைத்துச் சரிபார்" என்று சொல்லலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் வெரிஃபை கட்டளைக்கு அட்டைம் என்று ஆப்ஷனே உண்டு, நூலகத்திலும் அதற்கான செயற்கூறு இருக்கிறது. எனக்கு இரண்டாவது பிடிக்கும். காலாவதி ஆனால் நிரல் மறுக்கிறதா என்பதையும் அதே சான்றிதழை வைத்துச் சோதித்துவிடலாம்.

ஆழிமுத்து:

கேட்கக் கேட்க ஒரு யோசனை. இவ்வளவு இடத்தில் தேடித் திருத்துவதற்குப் பதில் ஃபேக்டைம் போட்டு மொத்த பில்டையும் ஒரே பொய்த் தேதியில் ஓட்டிவிட்டால் என்ன?

நிரல்தச்சன்:

முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். லிப்ஃபேக்டைம் வேலை செய்வது சி நூலகத்துக்கும் நிரலுக்கும் நடுவே புகுந்து. நூலகத்தோடு இயங்குநிலையில் இணையாத நிரல்கள், கோ மொழியில் எழுதியவை போல, அதைத் தாண்டி நேராகக் கர்னலிடம் மணி கேட்டுவிடும். மேக் கட்டளையோ எது புதிது எது பழையது என்று எம்டைமை ஒப்பிட்டே வாழ்கிறது. கடிகாரம் நின்றுபோனால் குழம்பும். கொஞ்சநேரம் காத்திருந்து மறுபடி பார்க்கும் சோதனைகள் தொங்கிப்போகும். கடிகாரத்தை ஓடவிட்டால் மெதுவான மெஷினில் நொடிகள் வேறாகும், மறுபடி பழைய கதை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஃபேக்டைம் போட்டால் உங்கள் பில்டு மட்டும் ஒத்துப்போகும். அடுத்தவர் அதே பொய்த் தேதியை அதே விதமாக அமைத்தால்தான் அவருக்கும் வரும். மூலத்திலேயே திருத்தி அதை, மென்பொருளை எழுதும் மேல்நிலைத் திட்டத்துக்கு அனுப்பினால் டெபியன், ஃபெடோரா, ஆர்ச், நிக்ஸ் எல்லாருக்கும் ஒரே நாளில் பயன். ரெப்ரோடெஸ்ட் உள்ளே ஃபேக்டைம்தான் பயன்படுத்துகிறது. குறையைக் கண்டுபிடிக்க அது அருமையான கருவி, குறையை மூட அதை எடுக்காதீர்கள்.

பைட்எறும்பு:

ஜாவாக்காரர்கள் யாராவது படித்தால்: ப்ராபர்ட்டீஸ் கோப்பை எழுதும்போது ஜாவாவே முதல் வரிகளில் ஒரு தேதிக் குறிப்பைச் சேர்த்துவிடும். ஜேடிகே 18 முதல் அதை நிலையாக வைக்க ஒரு சிஸ்டம் ப்ராபர்ட்டி உண்டு. மேவனில் அவுட்புட்டைம்ஸ்டாம்ப், கிரேடிலில் கோப்பு நேரங்களைப் பாதுகாக்காதே என்ற அமைப்பு. ஜாவாடாக்கில் டைம்ஸ்டாம்ப் வேண்டாம் என்ற ஆப்ஷன். நான்கையும் போட்டால் ஜார் கோப்புத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

வைகைக்கரை:

ரெப்ரோடெஸ்ட் ஓட்டினேன், கடிகாரம் முன்னால் தள்ளிய நிலையிலும் டெப் ஒன்றாகவே வருகிறது. சான்றிதழ்ச் சோதனையைக் கணிமலர் சொன்ன இரண்டாவது வழியில் மாற்றிவிட்டேன்.

டார்பாலில் ஒன்றே ஒன்று மிச்சம். கேட்டிருந்த அந்தப் பயனரிடம் மறுபடி செய்து பார்க்கச் சொன்னேன். டெப் ஒத்துப்போகிறது, டார்பால் ஒத்துப்போகவில்லை. அவர் மெஷினில் ஜிஜிப்புக்குப் பதில், அதே வடிவில் அமுக்கும் பிக்ஜி-இசட் என்ற கருவி இருக்கிறதாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் டார் பைட்டுக்கு பைட் ஒன்று.

கணிமலர்:

அது தேதிக் கணக்கில் வராது, அமுக்கும் கருவி வேறென்றால் விளைவும் வேறு. 2023 ஜனவரி கடைசியில் கிட்ஹப்பில் இதுவே பெரிதாக நடந்தது: டார்பால்களை அமுக்கும் ஜிஜிப்பை மாற்றினார்கள், உள்ளடக்கம் அப்படியே இருக்க ஹாஷ் மட்டும் மாறி, அதை நம்பியிருந்த பில்டு அமைப்புகள் ஊரெங்கும் நின்றன. உடனே பழையதற்கே திரும்பினார்கள்.

வெளியீட்டுப் பக்கத்தில் அமுக்காத டாரின் ஷா256-ஐயும் போட்டுவிடுங்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த அமுக்க நிலை என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டால் அமுக்கியதையும் வேண்டுபவர் ஒப்பிட்டுக்கொள்வார். டெப்போடு பில்டுஇன்ஃபோ கோப்பையும் ஏற்றிவையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதை வைத்துச் சரிபார்க்க நினைத்தால், அன்றிருந்த கம்பைலரையும் நூலகங்களையும் டெபியனின் ஸ்நாப்ஷாட் களஞ்சியத்திலிருந்து அதே பதிப்பில் எடுத்துக்கொள்ள முடியும்.

வைகைக்கரை:

செய்கிறேன். மேக்ஃபைல் மாற்றங்களையும் ஜிப் செய்யும் ஸ்கிரிப்டையும் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டேன். யாராவது வேறு நேர மண்டலத்தில் இருக்கும் மெஷினில் ஒருமுறை ஓட்டி ஹாஷை இங்கே போட்டால் உதவியாக இருக்கும்.